முன்னால் ஒரு முதுகு

வனக்காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் நான் தேறியதும் மிச்சமிருந்தது நடைத் தேர்வுதான். பதினாறு கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். "நடக்கறதுக்கெல்லாமா பரிட்சை வெக்கிறாங்க?" என்று என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த முறை வயது தாண்டிவிடும்.

ஒரு மாதம் மலைச் சாலையில் பழகினேன். அவர் பைக்கில் பின்னாலேயே வந்து போனில் நேரம் பார்ப்பார். மேடும் பள்ளமுமான அந்தத் தூரத்தை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாமைச் சோறும் பொங்கிவிடுவேன். உடற்பயிற்சி வீடியோக்களில் ஒருவர் உடம்பைவிட மனசைத்தான் தயார் செய்ய வேண்டும் என்று ஓயாமல் சொல்வார். என் மனசுக்கு என்ன கேடு என்று தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவேன்.

தேர்வு திருப்பத்தூர் பக்கம், சமவெளியில். மேடே இல்லாத தார்ச் சாலை. போன்களை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை அனுப்பினார்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம் போயிருப்பேன், எனக்கு முன்னால் ஒரு பெண் வேகம் குறைந்து நடந்துகொண்டிருந்தாள். புது ஷூ காலைக் கடித்திருந்தது போல, சாய்ந்து சாய்ந்து நடந்தாள். நான் அவள் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். அதாவது, அவள் வேகத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் மலையில் ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவரைச் சட்டென்று தாண்டிப் போக மாட்டோம். பின்னால் வருகிறவர் லேசாகச் செருமுவார். முன்னால் போகிறவர் ஒதுங்கி நின்று, "நீ போ" என்பார். அவர் சொல்லாமல் தாண்டினால், நீ எனக்கு இடைஞ்சல் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இது எனக்குச் சின்ன வயதிலிருந்து காலில் ஊறியது.

அதனால் செருமினேன். அவள் திரும்பிப் பார்த்து, "தொண்டை காயுதா? இந்தாங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி செருமினேன். மறுபடியும் தண்ணீர். இரண்டு பஸ் ஒன்றாகப் போகக்கூடிய அகலச் சாலை அது. எங்கள் இருவரையும் தாண்டி எத்தனையோ பேர் போனார்கள். மரியாதை தெரியாத ஜனங்கள் என்று அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

முடிவுக் கயிறு கண்ணுக்குத் தெரிந்தபோது, நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். முன்னால் போனவள் அப்படியே சாலையோரம் உட்கார்ந்து அழுதாள். "எனக்குத்தான் முடியல. நீங்களாவது போயிருக்கலாமேங்க" என்றாள். அங்கிருந்த அலுவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூச்சுகூட வாங்கல. இன்னாம்மா நீ, வேடிக்கை பாத்துக்கினு வந்தியா?" என்றார்.

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சந்தை நாளில் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிறவள் நான். ரேஷன் கடை வரிசையில் நாலு பேரை இடித்துக்கொண்டு முன்னால் போகிறவள். அங்கெல்லாம் காணாமல் போகிற மரியாதை, அந்தச் சாலையில் மட்டும் எங்கிருந்து வந்தது? யோசித்தால் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அவள் முதுகு எனக்கு முன்னால் இருந்தவரை நிம்மதியாக இருந்தது. அதைத் தாண்டினால் வெறும் சாலை, அதன் முடிவில் சீருடை. எனக்கு அது வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குள் யாராவது இருந்தார்களா? இல்லை, நான் வெறும் மலைக்காரி, செருமினால் வழி கிடைக்கும் என்று நம்பினேனா? நாளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றும் ஒட்டவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தே கணவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப வலிச்சுதா?"

"ஆமா" என்றேன்.

"வலிச்சா இன்னா பண்ண முடியும், வுடு. உன் மேல தப்பு இல்ல" என்றார்.

கால் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால்தான் அழுகிறேன் என்று நினைத்து, அவர் இன்னும் மெதுவாகத் தேய்த்தார்.