ரெண்டு விசிலும் ஒரு தகரத் தவளையும்

போன வாரம் மகனுடைய காரில் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினோம். சின்ன வெங்காய மூட்டையை முன் சீட்டில் வைத்துவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் டிங் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

"ஒண்ணுமில்லம்மா. அந்த சீட்டுல ஆளு இருக்காகன்னு நெனச்சுக்கிருச்சு. பெல்ட்டு போடச் சொல்லுது" என்றான் மகன்.

வண்டியை ஓரமாக நிறுத்தி வெங்காய மூட்டைக்கு பெல்ட் மாட்டிவிட்டான். சத்தம் நின்றது. வீடு வரைக்கும் மூட்டை மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது. மகன் சிரித்துக்கொண்டே ஓட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு இடத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று காரே கண்டுபிடிக்கிறது என்பது எனக்கு இன்னமும் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆளுக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் என்ன, கவலைப்படுகிறதே.

எங்கள் வீட்டுப் பழைய வண்டிக்கு அது தெரியாது. ஏறியாச்சு என்று நாம்தான் சொல்ல வேண்டும். எனக்கோ சொல்ல வராது.

சின்ன வயதில் நான் பேசவே மாட்டேன். ஊமை இல்லை. வீட்டுக்குள் அம்மாவிடம் மெதுவாகப் பேசுவேன். நாலு பேர் சேர்ந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பக்கத்துப் பிள்ளைதான் எனக்காக "உள்ளேன்" சொல்லும். இப்போதும் கடைக்குப் போனால் வேண்டியதைக் கையால் காட்டித்தான் வாங்குகிறேன்.

அப்பா வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பஸ் ஓட்டினார். ஷிப்டுக்கு ஊர் ஊராக ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ். பஸ் டிரைவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கண்டக்டரின் விசில்தான் கணக்கு. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். ரெண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். ரெண்டு விசில் கேட்ட பிறகு அப்பா திரும்பிப் பார்த்ததே இல்லை. "திரும்பிப் பாத்தா கண்டக்டரு கோவிச்சுக்குவாரு. அவரை நம்பலேன்னு அர்த்தம்" என்பார்.

அந்த அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார்கள். பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்து, எங்கே திரும்ப வேண்டும், எங்கே ஹாரன் அடிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லுவார். கார் என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது 'பிளசர்'. "ஒங்க வீட்டுல பிளசர் வாங்கியிருக்காகளாமே" என்று கேட்டுக்கொண்டு எங்கிருந்தோ எல்லாம் வந்தார்கள்.

அது வந்து நின்ற சாயங்காலம் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. நெய் நிறத்தில், முன்பக்கம் கொழுகொழுவென்று, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் மாடு மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இன்ஜின் மூடியில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. சக்கரத்தின் நடுவில் வெள்ளியாக ஒரு மூடி. நான் அதன் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். அதற்குள் என் முகம் உருண்டையாக இருந்தது. எனக்குப் பின்னால் எங்கள் தெரு முழுவதும் இருந்தது. தெருவுக்கு மேலே திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு வெல்ல அச்சு அளவுக்குச் சின்னதாக வளைந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய மலை ஒரு சக்கரத்துக்குள் இருக்கிறது! சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை.

உள்ளே ஏறினால் வேறு உலகம். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். இருட்டியதும் அப்பா ஒரு குமிழை இழுத்தார். ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் வட்டமான மீட்டருக்குள் பச்சை வெளிச்சம் வந்தது. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

எங்கே கிளம்பினாலும் பிள்ளைகள் அத்தனை பேரையும் அந்த வண்டியில் அடைப்பார்கள். அப்பா சாவியைத் திருகுவதற்கு முன்னால் சத்தமாகக் கேட்பார்.

"அம்புட்டுப் பேரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு! போலாம், ரைட்!" என்று பெரியப்பா பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவார்கள். என் வாய் மட்டும் திறக்காது. அப்பாவுக்கு அது தெரியும். ஒரு நாள் மில்லிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு தகரத் தவளையைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். முதுகில் பச்சைப் பெயின்ட், ரெண்டு மஞ்சள் கண், வயிற்றில் ஒரு எஃகுத் தகடு. தகட்டை அமுக்கினால் 'டிக்' என்று கேட்கும்.

"தாயி, நீ வாயத் தொறக்க வேணாம். ஏறி உக்காந்ததும் ரெண்டு அடி. எனக்கு அதான் விசிலு" என்றார்.

அன்றிலிருந்து நான் எங்கள் பிளசருக்குக் கண்டக்டர். மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் அப்பா கிளம்ப மாட்டார். காதைப் பின்னால் கொடுத்துக் காத்திருப்பார். டிக், டிக். உடனே வண்டி உறுமிக்கொண்டு நகரும். இத்தனை பெரிய இரும்பு என் விரல் அசைந்ததும் கிளம்புகிறதே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மூன்றாவது முறை நான் அடித்ததே இல்லை. விளையாட்டுக்குக்கூட அடித்ததில்லை. தம்பி கேட்டு அழுவான். கொடுக்க மாட்டேன்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், ஜன்னலோர இடம் பிடிப்பதற்காகத் தவளையைக் கார் ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டேன். பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரிதான். பெரியவர்கள் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செத்த நேரம் இருக்கிறதே என்று திரும்பினேன். கொஞ்சம் தள்ளி ஒரு பொம்மைக்காரம்மா தண்ணீர்த் தட்டில் படகு விட்டுக்கொண்டிருந்தது.

தகரப் படகு. உள்ளே எண்ணெய்த் திரி எரிகிறது. தள்ள ஆள் இல்லை, சாவி இல்லை. டப் டப் டப் என்று தானாகத் தட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சின்ன நெருப்பு, தண்ணீரில் கிடந்துகொண்டே, ஒரு படகை ஓட்டுகிறது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "அம்புட்டுப் பேரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு! போலாம், ரைட்!"

திரும்பினேன். அப்போதுதான் கேட்டது.

டிக், டிக்.

என் தவளை. நான் ஏறிவிட்டேன் என்று என் தவளையே சொல்லியது. அதை வெளியே நின்று நானே கேட்டேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஓடினேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பின் கண்ணாடியில் தலைகளாகத் தெரிந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

பொம்மைக்காரம்மாதான் எழுந்து கத்தியது. "ஏய், பிளசரு! யோவ்! பிள்ளைய விட்டுட்டுப் போறீகளேய்யா!" கூட்டத்தில் அது எங்கே கேட்கும். ரோட்டில் ஏறித் திண்டுக்கல் பக்கம் திரும்பி, போய்விட்டது.

"யாரு வீட்டுப் பிள்ளை நீ? ஒங்கப்பன் பேரு என்ன?"

நான் பேசவில்லை.

"ஊமையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பெறகென்ன, சொல்லித் தொலையேன் ஆத்தா! சரி, அழுவாத. இந்நேரம் பாத்திருப்பாக. வந்துருவாக."

வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை எப்படி அந்தம்மாவுக்குச் சொல்வேன்? ரெண்டு விசில் விழுந்துவிட்டது. ரெண்டு விசிலுக்குப் பிறகு எங்கள் அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டு வாசலில் போய் இறங்கினால்தான் நான் இல்லை என்று தெரியும். அப்போதும் எல்லாரும் இறங்கி ஓடுகிற ஓட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? பேசாத பிள்ளை இல்லாமல் போனால் வீட்டில் எந்தச் சத்தம் குறையும்?

அந்தம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அணைந்துபோன திரியை மறுபடி பற்றவைத்தது. படகு சுற்றியது. நான் படகைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். தெற்கே, வெட்டவெளிக்கு அப்பால் மலைக்கோட்டை நீலமாகத் தெரிந்தது. சக்கர மூடியில் பார்த்த அதே அளவு. எங்கள் வீடு அதன் அடியில் எங்கேயோ இருந்தது.

வண்டிக்குள் நடந்ததை அம்மா பிற்பாடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

நான் முன்னால் பெரியம்மா மடியில் இருக்கிறேன் என்று அம்மா நினைத்திருக்கிறாள். பின்னால் அம்மாவோடு இருக்கிறேன் என்று பெரியம்மா நினைத்திருக்கிறாள். சீட்டில் கிடந்த தவளை தம்பி கையில் கிடைத்திருக்கிறது. அவன் சின்னப் பையன். அப்பா கேட்டதும், அக்கா அடிக்கிற மாதிரியே ரெண்டு அடித்துவிட்டான். அதன் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. எத்தனை நாள் ஆசை! டிக் டிக் டிக் டிக் என்று வழி முழுக்க அடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"ஏலே, அந்தச் சனியன நிப்பாட்டுங்கடா. காதுக்குள்ள கொத்துது" என்று பெரியப்பா கத்தினாராம்.

அப்பா வேகத்தைக் குறைத்தாராம். "யாரு அடிக்கிறது?"

"ஒங்க மகதான். வேற யாரு வச்சிருக்கா தவளை?" என்றாளாம் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"அவ ரெண்டுக்கு மேல அடிக்க மாட்டாளே."

"பிள்ளைக வெளையாடுதுக. நீ ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி" என்றாராம் பெரியப்பா.

"இல்லண்ணே. அது எம் பிள்ளை இல்ல."

நடு ரோட்டில் பிரேக் போட்டுவிட்டாராம். பெரியப்பா தலை கண்ணாடியில் முட்டியதாம். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் என்னவெல்லாமோ திட்டினாராம். அப்பா சீட்டில் முழங்காலை ஊன்றி, பின்பக்கம் முழுசாகத் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாராம். "அந்த மூஞ்சிய நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாத்ததில்ல" என்பாள் அம்மா.

எனக்குத் தெரிந்தது ஹாரன்தான். விடாமல் ஒரே ஹாரன். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனால் முன் விளக்கு ரெண்டும் எரிந்தன. மலைக்குக் கீழேயிருந்து அந்த ரெண்டு வெளிச்சமும் கிளம்பி என்னைப் பார்த்தே வருவது மாதிரி இருந்தது. நான் எத்தனையோ திருவிழா பார்த்திருக்கிறேன், தேர் பார்த்திருக்கிறேன். எதுவும் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. நெய் நிறம் முழுக்கச் செம்மண் புழுதி. அது நிற்பதற்குள் அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

"இந்தாய்யா பிளசருக்காரரே, ஒம்ம சாமானப் பத்தரமா எடுத்துட்டுப் போரும். நல்லாத்தான் ஓட்டுறீரு வண்டி" என்றது பொம்மைக்காரம்மா.

அப்பா அந்தம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் உட்காரவைத்தார். தம்பி தவளையை என் மடியில் வைத்துவிட்டு அம்மா முந்தானைக்குள் போய்விட்டான். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏறியாச்சா தாயி?"

நான் வாய் திறந்து சொன்னேனா, தலையைத்தான் ஆட்டினேனா, தவளையை அடித்தேனா என்று நினைவில்லை. எதுவாக இருந்தாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடு கண்ணாடியைக் கையால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். அதில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. அப்படியானால் அவருக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

அந்த வண்டி எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் கண்ணாடி அப்படியேதான் இருந்தது. பின்னால் என்ன வருகிறது என்று அதில் ஒன்றும் தெரியாது. "இதென்னடா கண்ணாடி, பொண்ணு பாக்கப் போற மாதிரி" என்று பெரியப்பா முனகுவார். அப்பா நேராக்க மாட்டார். தவளை எங்கே போனது என்று தெரியவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கிளம்பும்போது மற்றவர்கள் கத்துவார்கள், அப்பா கண்ணாடியைப் பார்ப்பார், வண்டி நகரும். அவ்வளவுதான்.

பின்னால் இருப்பவர்களைப் பார்க்காமலே அன்று வரைக்கும் வண்டி ஓட்டியவர், நான் அடிக்காத அந்த மூன்றாவது சத்தத்தை வைத்து என்னைத் தெரிந்துவைத்திருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பேச்சு வருவதில்லை. வழக்கமாகவே வராதுதான். இது வேறு.

வெங்காய மூட்டை வந்த மறுநாள் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இப்போது அவருக்குப் பார்வை மங்கல். மகன் அவரை முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினான். நான் பின்னால் ஏறினேன். வண்டி கிளம்பும் முன்னால் அப்பாவின் கை மெதுவாக நீண்டு, தடவித் தடவி, நடு கண்ணாடியைப் பிடித்துத் திருப்பியது.

"தாத்தா, அதத் தொடாதீங்க! பின்னாடி லாரி வந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மகன்.

"லாரிக்காரன் ஹாரன் அடிப்பான்டா. ஒங்கம்மா அடிக்க மாட்டா" என்றார் அப்பா.