அம்மா நிறுத்திய மாத்திரைகள்

வேலை முடிந்து வந்து அம்மா ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போது, முழங்காலுக்குக் கீழே அதன் விளிம்பு பதிந்த வட்டம் தெரியும். சோறு வடிப்பதற்குள் அது மறைந்துவிடும். ஒருநாள் மறையவில்லை. மறுநாள் காலை அந்தத் தடத்தின் மேலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு எண்ணெய்க்கான செம்பனையின் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கப் போனார். நோய் எங்களுக்குக் காட்டிய முதல் அடையாளம் அதுதான்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா இறந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டில் சமைத்துப் போட்டவர்கள் சபை மக்கள். அப்படித்தான் நாங்கள் கர்த்தரை அறிந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமா முடித்து ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். வார நாளில் அங்கே வாடகை அறை, வெள்ளிக்கிழமை வீடு.

அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் அதிகம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற கணக்கு) ஏறத் தொடங்கியிருந்தது. மாத்திரைகள் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு உறையின் மேலும் காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்குப் பிறையும் நீல மையில் வரைந்து கொடுத்தேன்.

சபையில் மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தோம். நான்காவது வாரம் கால் வீக்கம் வடிந்தது. பூட்ஸ் தடம் பழையபடி மறைந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் பாடல்கள் முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்ததைச் சொல்ல ஆளாளுக்கு மைக் வாங்குவார்கள். அந்த ஞாயிறு நான் எழுந்து, கர்த்தர் என் தாயைப் பூரணமாகக் குணமாக்கிவிட்டார் என்றேன். மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. அதைச் சேர்த்தால் சாட்சியின் பலம் குறையும் என்று நினைத்தேன்.

அதே சாட்சியைப் பிறகு பல இடங்களில் சொன்னேன். சனிக்கிழமை சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் போகிற தோட்டங்களில் சொன்னேன். ராசா என்ற ஊரில் நடந்த வீட்டுக் கூட்டத்தில் அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னேன். அம்மா தலை குனிந்து சிரித்துக்கொண்டு நின்றார். ஆத்துமாக்களைக் கர்த்தரிடம் சேர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருந்தது. அந்த ஆசை என் வாயைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு சரசு அத்தை முருகன் கோயிலுக்குப் போகிறவர். அம்மாவோடு சேர்ந்து பழம் பொறுக்குகிறவர். ஒருநாள் காலை அம்மா தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"கொணமாயிருச்சின்னு ஒம் மவன் ஊரெல்லாம் சொல்றான். நீ என்னாடான்னா இன்னும் முழுங்கிகிட்டு இருக்க. யாரு லெட்சுமி பொய்யி, அவனா நீயா?"

கேலிக்காகச் சொன்னதுதான்.  அம்மா அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஏழு மாதம் எனக்குத் தெரியாது. மாதா மாதம் மருந்து கவுண்டருக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார். டாக்டரைப் பார்க்க வேண்டிய தவணையை மட்டும் இரண்டு முறை தவிர்த்திருக்கிறார். அந்த வார வெள்ளிக்கிழமை நான் வந்ததும் புதிய உறைகளை நீட்டுவார். நான் உட்கார்ந்து சூரியன் வரைவேன். இந்தத் தடவ பிறை நல்லா வந்திருக்கு என்பார்.

ஒரு ஞாயிறு காலை, கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் சபைக்கு ஏறும்போது ஆறாவது படியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. போதகர்தான் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவர் சபாக் என்ற ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டவர். நல்ல வேகமாக ஓட்டுவார்.

சாப்பிடும் மருந்துகளை எல்லாம் கொண்டு வரச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்த் தேடினேன். அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். உள்ளே என் சூரியன்களும் பிறைகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

டின்னை வார்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். டாக்டர் தமிழ்ப் பெண். ஏன் நிறுத்தினீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். அம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு சொன்னார்.

"நீ கர்த்தர் பேர்ல சொல்லிட்ட, தம்பி. ஒன் பேச்சு பொய்யாயிறக் கூடாதுல்ல."

டாக்டர் என்னை வெளியே அழைத்து, இரண்டு சிறுநீரகமும் இனி வேலை செய்யாது என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் என்று கேட்டேன். 

"அப்பவும் ஒருநாள் இங்க வந்திருப்பாங்க. ஆனா சில வருஷம் கழிச்சு வந்திருக்கலாம்."

அந்தச் சில வருஷத்தை இன்றும் நான் மனத்தில் எடுத்துப் பார்க்கிறேன். எத்தனை என்று அவர் சொல்லவில்லை.

டயாலிசிஸ் தொடங்கியது (சிறுநீரகத்துக்குப் பதிலாக ஓர் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது). செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இனி ஊழியம் செய்ய மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று போதகரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. அந்தச் சாட்சி அவருக்கும் பிடித்திருந்ததாம். அதனால் அம்மாவின் கிளினிக் பதிவுப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கவே தோன்றவில்லையாம். நாம் இருவரும் சேர்ந்து எழுந்து நின்று சொல்வோம் என்றார்.

அடுத்த ஞாயிறு அதே மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். போதகர் பக்கத்தில் நின்று தன் பங்கையும் சொன்னார். யாரும் ஆமென் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள் முன்னால் இப்படிப் பேசினால் விசுவாசம் ஆறிப்போகும் என்று ஒரு பெரியவர் பிறகு வருத்தப்பட்டார். ஆனால் மூன்று பேர் என்னிடம் தனியாக வந்தார்கள். மூவரும் ஏதோ ஒரு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சபை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அம்மாவை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப்போக ஆட்கள் முறை வைத்துக்கொண்டார்கள். வருத்தப்பட்ட அந்தப் பெரியவருக்கு வியாழக்கிழமை. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமாக வந்தது. சரசு அத்தை செவ்வாய்க்கிழமைகளில் கூட வந்தார்.

ஒருமுறை காத்திருக்கும் இடத்தில் அத்தை அழுதார். "என் வாய்தான் தம்பி எல்லாத்துக்கும்."

"இல்ல அத்த. என் வாய்."



ரவாங்கிலிருந்து அறையைக் காலி செய்துவிட்டு வந்தேன். அம்மாவின் இடது கையில் ஃபிஸ்துலா செய்தார்கள் (ஊசி போட வசதியாக இரண்டு ரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைப்பது). மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்தால் உள்ளே வண்டு பறப்பதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உடனே வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் அம்மா கையை நீட்டுவார். நான் விரல் வைப்பேன். இருக்கும்மா என்பேன். பிறகுதான் எங்கள் ஜெபம்.

மையத்தில் உட்கார்ந்திருந்தபோது நோயாளிகளே ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெபித்தேன். ஆமென் சொன்னதும், மாத்திரைய விட்றாதீங்க என்று சேர்த்துச் சொல்வது பழக்கமாகிவிட்டது. லோரி ஓட்டிய ஓர் அங்கிள் கேலி செய்வார். "என்னா தம்பி, ஒங்க கர்த்தரு மருந்துக்கட வச்சிருக்காரா லா?" சிரித்துவிட்டு, மறுபடி ஜெபத்துக்குக் கையைக் கூப்புவார்.

அம்மா சபையில் ஒருநாளும் மைக்கைத் தொட்டதில்லை. ஓராண்டு கழிந்த ஒரு ஞாயிறு, சனிக்கிழமைச் சோர்வு தீராத முகத்தோடு, சாட்சி நேரத்தில் கையைத் தூக்கினார். நான் பயந்தேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குச் சொகமாகல. கர்த்தர் என்ன விட்டுட்டுப் போகல. இன்னிக்கி படியேறி வந்திருக்கேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். நான் எத்தனையோ தோட்டங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இந்த மூன்று வாக்கியத்தளவு உண்மையை நான் ஒருமுறையும் சொன்னதில்லை என்று அன்று புரிந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் கிருமி ஏறியது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். கடைசி நாள் பிற்பகல் போதகர் தலைமாட்டில் பாடிக்கொண்டிருந்தார். சரசு அத்தை பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் விரல்கள் மணிக்கட்டில் இருந்தன. அதிர்வு மெலிந்துகொண்டே போனது. அது நின்றதை, கட்டிலருகே துடிப்பைக் காட்டிய இயந்திரத்துக்கு முன்பே என் விரல் அறிந்தது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம். ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் அவருடைய உடம்பைப் பற்றி அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் போய்ச் சாட்சி சொல்லாதீர்கள். நாம் பெரிதாகச் சொன்னதைத் தாங்குவதற்கு அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துவிடுவார்கள். கர்த்தர் அப்படிக் கேட்கவில்லை. குணமாகாத ஒருத்தியின் வாயிலும் அவருக்குச் சாட்சி இருந்தது.

எனக்கு இன்னும் வாரம் என்றால் டயாலிசிஸ் மையத்தின் அந்த மூன்று நாளும் ஒரு ஞாயிறும்தான். சனிக்கிழமை லோரி அங்கிளை மையத்துக்கு அழைத்துப்போகிறேன். ஞாயிறு மாடி வாசலில் நின்று, ஸ்தோத்திரம் சொல்லி வருகிறவர்களுக்குக் கைகொடுக்கிறேன். என்னை அறியாமலே இரண்டு விரல்கள் அவர்கள் மணிக்கட்டுக்கு நகர்ந்துவிடுகின்றன. புதியவர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைக்கிறார்கள்.