கோட்டுக்கு வெளியே இருந்த கை

எங்களுக்கு ஹேண்ட்பால் சொல்லிக்கொடுத்த சார், முதல் நாளே எங்களைப் பள்ளிக்கூடச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தி முகத்திலும் பந்தை எறிந்தார். நாங்கள் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. யார் எந்த இடத்தில் ஆடுவது என்று அவர் அப்படித்தான் பிரிப்பாராம். முகத்தைத் திருப்பியவர்கள் ஓரத்துக்குப் போனார்கள். கையால் மறைத்தவர்கள் தடுப்பாட்டத்துக்கு. நான் திருப்பவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதில் தைரியம் எதுவும் கிடையாது. பந்து அவ்வளவு வேகமாக வரும் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூக்கில் பட்டு, யூனிஃபார்ம் முன்பக்கமெல்லாம் ரத்தம். சார் கிட்டே வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "கண்ணை மூடல. இந்த மதராசன்தான் சென்டர்" என்றார் இந்தியில். தெற்கத்திப் பெண் யாராக இருந்தாலும் டெல்லியில் அதுதான் பெயர்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பதிமூன்று வயது. அப்பா ஒரு மந்திரி அலுவலகத்தில் கிளார்க். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் ஊர் நாகர்கோவில் பக்கம். கரோல் பாகில் ஒரு துணிக்கடைக்கு மேல் இரண்டு அறை எடுத்து இருந்தோம். நான் பிறந்ததே டெல்லியில். தமிழ் பேசுவேன், எழுத வராது. இதைக்கூட முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஹேண்ட்பாலில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எதிரணி தங்கள் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவருக்கு எதிரே நடுவில் நிற்பவள்தான் சென்டர். எங்கே சந்து விழுகிறது என்று பார்த்து, மூன்று வினாடிக்குள் பந்தை யாருக்கு எறிவது என்று அவள் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களெல்லாம் அவளைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், கையைவிடக் கண்ணுக்குத்தான் அங்கே வேலை.

சார் ராணுவத்தில் ஆடிவிட்டு வந்தவர். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வலது கையைத் தூக்குவார். முஷ்டியை மூடினால் பந்து நடுவில் போக வேண்டும். விரலை விரித்தால் இடது ஓரம். உள்ளங்கை கீழே பார்த்தால் நானே எறிய வேண்டும். அந்தக் கை சொன்னதைச் செய்தால் அடி கிடையாது. நானாக எதையாவது பார்த்து எறிந்து அது கோலே ஆனாலும் அறை விழும். "உன்னை யோசிக்கச் சொன்னேனா?" என்பார். பந்தைத் தவறவிட்டவளை எதிரே நிற்பவள் அறைய வேண்டும். மெதுவாக அறைந்தால் எப்படி அறைவது என்று இரண்டு பேருக்கும் அவரே செய்து காட்டுவார். குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்குப் பனிமூட்டத்தில் பந்து தெரியாது. கன்னத்தில் விழும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும்.

நான் வேகமாக முன்னேறினேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆறே மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் என்னைப் போல் சீக்கிரம் பந்தை விடுகிற பெண் யாரும் இல்லை. பந்து கைக்கு வருவதற்கு முன்பே ஓரக்கண்ணால் சாரின் கையைப் பார்த்துவிடுவேன். பார்க்கிறவர்கள் எனக்கு முதுகில் கண் இருக்கிறது என்றார்கள். அப்பா ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னார், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல காலேஜ் கிடைத்துவிடும் என்று.

வீங்கிய கன்னத்தை அம்மா பார்ப்பாள். "என்னட்டி இது?" என்பாள். பந்து பட்டுவிட்டது என்பேன். வார்டில் தினமும் அடிபட்டவர்களைப் பார்க்கிறவளுக்குப் பந்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும். ஆனாலும் டியூட்டி முடிந்து வரும் களைப்பில் ஐஸ் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வட்டாரப் போட்டியின் ஃபைனலில் எங்களோடு மோதிய அணியின் கோச் கெட்டிக்காரர். முதல் பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் பெண்களிடம் ஏதோ சொன்னார். அதன்பிறகு சாரின் விரல் விரிந்தால் அவர்கள் இடது ஓரத்தில் நின்றார்கள். முஷ்டி மூடினால் நடுவில் கூடினார்கள். நான் எறிந்த பந்தெல்லாம் அவர்கள் கையில் போய் விழுந்தது. வலது பக்கம் அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. கேலரியில் இருந்தவர்கள் கத்தினார்களாம். எனக்கு அது தெரியவில்லை. நான் சாரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் சார் என்னை அறைந்தார். உள்ளங்கையைக் குழித்து, இடது காதோடு சேர்த்து. உள்ளே ஏதோ கிழிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது போல ஒரு இரைச்சல். இரண்டாம் பாதியும் ஆடினேன். ஆடாமல் இருக்கலாம் என்ற யோசனையே வரவில்லை.

வீட்டில் அம்மா டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தாள். பஞ்சில் ரத்தமும் நீருமாக வந்தது. என் முதுகுப் பக்கம் நின்று மெதுவாக, "மக்ளே, கேக்குதா?" என்றாளாம். நான் திரும்பவில்லை. அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்றார்கள். சரியாக ஆறவில்லை.

அடுத்த நாள் அம்மா டியூட்டிக்குப் போகிற வெள்ளைப் புடவையோடு பள்ளிக்கு வந்தாள். பிரின்சிபல் மேடம் டீ வரவழைத்துவிட்டு, எழுதிக் கொடுத்தால் போலீஸ், கேஸ் என்று போகும், பெண்ணின் பெயர்தான் அடிபடும் என்றார். சாரைக் கூப்பிட்டார்கள். அவர் அம்மாவுக்குக் கும்பிடு போட்டார்.

அம்மாவின் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாக இருக்கும். அந்த இந்தியிலேயே நேராகக் கேட்டாள். "எம் பிள்ளை காதை உடைச்சது நீதானா?"

அவர் சிரிக்கவில்லை. பாடம் நடத்துவது போலப் பொறுமையாகச் சொன்னார். "சிஸ்டர், கையில அடிச்சா பந்து பிடிக்க முடியாது. கால்ல அடிச்சா ஓட முடியாது. அதனாலதான் முகத்துல அடிக்கிறோம். உங்க பொண்ணு டெல்லிக்கு ஆடுவா. நான் பொறுப்பு."

அம்மா என்னைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போனாள். அன்று அவளும் அப்பாவும் போட்ட சண்டையில் கீழே துணிக்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு சர்டிபிகேட் கைக்கு வரும்வரை பொறுத்துக்கொள் என்றார் அப்பா. அம்மா கத்தினாள், பிறகு அழுதாள். கடைசியில் அப்பா சொன்னதுதான் நடந்தது. பத்து நாள் கழித்துக் காதில் பஞ்சோடு மறுபடி வரிசையில் நின்றேன். சார் அதற்கப்புறம் என் முகத்தைத் தொடவில்லை. விசில் கட்டிய கயிற்றால் முதுகில் அடித்தார். எங்கள் டீமில் அதைச் சலுகை என்றே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் டீமில் ஜாட் சாதிப் பெண் ஒருத்தி இருந்தாள். எதிரணிச் சுவருக்குள்ளேயே போய், கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குகிறவள். இடித்துத் தள்ளினாலும் நகரமாட்டாள். சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தாள். அவர் பால் லாரி ஓட்டுகிறவர். நான் பஞ்சோடு திரும்பிய அன்று அவள் தன் டிபனில் இருந்து பாதி பராத்தாவை என் பக்கம் தள்ளி, "இனி நான் உன் வலது பக்கமே பேசுறேன்" என்றாள்.

ஆனால் ஆட்டத்தில் அது நடக்கிற காரியமா? ஒரு நாள் பயிற்சியில் அவள் எனக்கு இடது பக்கம் சந்து பிடித்துப் பந்து கேட்டுக் கத்தியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. நான் எறியவில்லை. சார் விசில் ஊதிவிட்டு வந்தார். என்னிடம் வரவில்லை. அவளிடம் போனார். "சத்தமாக் கூப்பிடத் தெரியாதா?" என்று தள்ளினார். அவள் சிமெண்ட் தரையில் விழுந்ததும் வயிற்றில் உதைத்தார். அவள் சுருண்டுகொண்டாள். மறுபடியும் உதைத்தார். காலையில் தின்றதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது.

பந்து என் கையில் இருந்தது. ஏழெட்டு அடி தூரம். இத்தனை மாதத்தில் முதல் முறையாக எந்தக் கையையும் பார்க்காமல், முழு வேகத்தில், அவர் முகத்தில் எறிந்தேன். மூக்கெலும்பு நொறுங்கியது கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு நடுவில் ரத்தம் ஒழுகியது.

பிறகு எழுந்து வந்தார். என் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டு போனார். முழங்கால் இரண்டிலும் தோல் மிச்சமில்லை. காவல்காரர் ஓடிவந்து விலக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

மறுநாள் காலையிலும் அவர் வந்தார், மூக்கில் பிளாஸ்திரியோடு. நாங்களும் போயிருந்தோம், உதை வாங்கியவளும்தான். ஏன் போனோம் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மா ராத்திரி டியூட்டியில் இருந்தாள்; வீட்டில் தடுக்க ஆளில்லை. வரிசையில் நிற்கச் சொன்னார், நின்றோம். அப்போது அந்தப் பெண்ணின் சித்தப்பா இன்னும் இரண்டு பேரோடு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மூன்று பேர் கையிலும் தடி. சார் புரிந்துகொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். நாங்கள் குறுக்கே விழுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. நடு மைதானத்தில் பிடித்துவிட்டார்கள்.

முதல் அடி தோளில். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். எங்களுக்கு ஆட்டம் சொன்ன அந்த வலது கைதான். அடுத்த அடியில் அது மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. சித்தப்பா மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தார். தன் அண்ணன் மகளிடம் கேட்டார். "எந்தக் காலால உதைச்சான்?"

அவள் சாரின் கால்களைப் பார்த்தாள். "வலது" என்றாள்.

அந்தக் காலையும் உடைத்தார்கள். சார் போட்ட சத்தம் மனுஷச் சத்தம் மாதிரி இல்லை. எங்களில் ஒருத்திகூட வரிசையைக் கலைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொரு அடிக்கும் என் தோள்கள் தாமாக ஏறின. அடி யார் மேல் விழுகிறது என்று என் உடம்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

போலீஸ் வந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். சார் அதற்கப்புறம் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பெண்ணும் வரவில்லை. ஊர் வாயில் விழுந்த பெண் வீட்டில் இருக்கட்டும் என்று அதே சித்தப்பாதான் நிறுத்தினார். அவள் முரண்டு பிடித்ததற்கு அவரும் அடித்தாராம். பிறகு கல்யாணம் ஆகி ஹரியானாவுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளைப் போல் பந்து வாங்குகிறவளை நான் பிறகு பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஹேண்ட்பால் சொல்லிக்கொடுக்க ஒரு மேடம் வந்தார்கள். குட்டையான உருவம், அதிகம் பேசமாட்டார்கள். முதல் ஆட்டத்தில் நான் பந்தை வாங்கியதும் வழக்கம் போல வெளியே பார்த்தேன். மேடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அதாவது, ஆட்டத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு. பந்தை வைத்துக்கொண்டே நின்றேன். எதிரே இருந்தவள் இடித்துத் தள்ளிப் பிடுங்கிக்கொண்டு போனாள். அடுத்த முறையும் அப்படித்தான். வாரக்கணக்கில் அப்படித்தான். வட்டாரத்தில் முதல் சென்டராக இருந்தவள் நேற்றுச் சேர்ந்த பிள்ளையைவிட மோசமாக ஆடினேன். போனதெல்லாம் போகட்டும், என்னை வெளியே உட்காரவையுங்கள் என்று மேடத்திடம் அழுதேன்.

"பந்து கையில இருந்தப்போ என்ன பார்த்த?" என்று கேட்டார்கள்.

யோசித்துப் பார்த்தேன். எதுவுமே பார்த்திருக்கவில்லை. மொத்தப் பயிற்சியிலும் என் அணியில் யார் எங்கே நிற்பாள், எதிரே இருப்பவள் எந்தக் காலில் பாரம் போடுவாள் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். மேடம் திட்டவில்லை. "சரி, நாளைக்கு எறிய வேணாம். பந்தைப் பிடிச்சுக்கிட்டு என்ன தெரியுதுன்னு மட்டும் சத்தமாச் சொல்லு" என்றார்கள்.

அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தேன். இடது காது கேட்காததால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பினால் மூன்று வினாடி போதாது. அதனால் பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கப் பழகினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. டெல்லி அணிக்கு எடுத்தார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜும் கிடைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று வருடம் யுனிவர்சிட்டிக்கு ஆடினேன், தோள் விட்டுப்போகும்வரை.

காலேஜ் சீட் கிடைத்த அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். "என்ன இருந்தாலும் அந்த ஆள் அடிச்சு வளர்த்ததுதான். இல்லேன்னா இவ்வளவு தூரம் வந்திருப்பாளா?"

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்படியா? வாங்க, உங்க காதுல நான் ஒண்ணு போடுதேன். நாளைக்கே ஆபீஸ்ல புரமோஷன் தாரானான்னு பாப்போம்."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. கையை ஓங்கவும் இல்லை. ஆனால் அப்பா கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அப்பா தட்டில் இருந்த மீனின் முள்ளை எடுக்க ஆரம்பித்தார். எடுத்து முடித்ததும் அந்தத் துண்டை என் தட்டில் வைத்தார்.