தலையாட்டியும் கடைசி வரியும்

தலையாட்டியைப் பற்றி விசாரித்தால் அவனை அறிந்த நூறு பேரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கே என் நாக்கு அழுகிப் போயிருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் அவன் எனக்குப் பெஞ்சுத் தோழன். பிறகு என் தங்கையின் கணவன். முதல் உறவு இல்லாவிட்டால் இரண்டாவது வந்தே இருக்காது. அதனால் பெஞ்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சரித்திர பாடம். வாத்தியார் பழுப்பேறிய நோட்டு ஒன்றைப் பிரித்து, எந்த ராஜா எந்த வருஷம் யாரிடம் தோற்றான் என்று ஒரே சுருதியில் வாசிப்பார். மின்விசிறியின் கிறீச் சத்தம் அதைவிடச் சுவாரசியமாக இருக்கும். நாற்பத்தைந்து நிமிஷத்தை ஓட்ட ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தோம். முன் பெஞ்சு ஒல்லிக்குச்சி பாடப் புத்தகத்துக்குள் துப்பறியும் கதை வைத்திருப்பான். ஒருத்தி நெற்றியில் கையை முட்டுக்கொடுத்து, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவள் போலவே தூங்குவாள். ஜன்னலோரத்துப் பையன் வாத்தியார் எத்தனை 'ஆகவே' சொல்கிறார் என்று கோடு போட்டு எண்ணுவான். ஒரு பீரியடில் அறுபத்திரண்டு வந்ததுதான் அதிகபட்சம். நான் புள்ளி வைத்துக் கட்டம் கட்டுகிற ஆட்டக்காரன். நாங்கள் எல்லோருமே என்றாவது ஒரு நாள் மாட்டிக்கொண்டு வெளியே முட்டி போட்டிருக்கிறோம்.

தலையாட்டி மட்டும் ஒரு நாளும் மாட்டியதில்லை.

"கையில எதையாவது வச்சிருக்கறவன்தாண்டா மாட்டுவான். கை காலியா இருக்கணும்" என்பான். அவன் வித்தையில் மூன்றே விஷயங்கள். வாத்தியாரின் கண்ணைப் பார்க்கக் கூடாது, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்க்க வேண்டும். அவர் குரல் எங்கே இறங்குகிறதோ அங்கே தலையை ஆட்ட வேண்டும், ஒரே ஒரு ஆட்டு, அதற்கு மேல் ஆட்டினால் சந்தேகம் வரும். மூன்றாவது கடைசி வரி. காதில் கடைசியாக விழுந்த வாக்கியத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்தது விழுந்ததும் முந்தியதை விட்டுவிட வேண்டும்.

வாத்தியார் திடீரென்று நிறுத்தி, "நீ எழுந்திரு. இப்ப நான் என்ன சொன்னேன்?" என்பார். இவன் சாவகாசமாக எழுந்து கடைசி வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். அவர் முகம் மலர்ந்து போகும். "பாருங்கடா, கேக்கறதுன்னா இப்படிக் கேக்கணும்" என்று எங்களைத் திட்டுவார்.

அத்தனை நேரமும் இவன் மனசுக்குள் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். சத்தியமாகச் சொல்கிறேன். இருபத்தேழு ஸ்டாப் உள்ள ஒரு ரூட்டை அவனே உண்டாக்கி வைத்திருந்தான். எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள், எந்தத் திருப்பத்தில் பிரேக் போட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மணி அடித்ததும், "எது வரைக்கும்டா போனே?" என்று கேட்பேன். "டிப்போவே வந்துடுச்சுடா" என்பான். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

படிப்பு முடிந்து அவன் குடிநீர் ஆபீசில் வேலைக்குப் போனான். உட்கார வைத்த இடம் புகார் ஜன்னல். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள் இவன் முன்னால் பத்து நிமிஷம் கொட்டித் தீர்த்துவிட்டு, "நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் அப்போதும் வராது. அது வேறு இலாகா. ஆபீசில் அவனுக்கு நல்ல பெயர்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை போட்டேன். எதிரே உட்காருகிறவரின் பார்வை எங்கே நிற்கிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைத் திட்ட உதவும்.

எங்கள் அப்பா யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. அம்மா 'வந்து' என்று ஆரம்பித்தாலே "போதும் போதும்" என்பார். அந்த வீட்டில் வாயடைத்து வளர்ந்தவள் என் தங்கை. கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அழகு வேண்டாம்ணா, வசதி வேண்டாம். நான் ஒண்ணு சொன்னா கடைசி வரைக்கும் கேக்கறவரா இருந்தாப் போதும்."

"என் ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான். எவ்வளவு நேரம் பேசினாலும் பொறுமையாக் கேப்பான்" என்றேன்.

பொய் இல்லை. உண்மையில் பாதியை மறைத்தேன். பள்ளிக்கூட விளையாட்டு, வயசானால் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போய்விடுமா? இருபது வருஷம் செய்த காரியம் எலும்பில் ஏறாமல் எங்கே போகும்?

முதல் எட்டு வருஷம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். "எல்லாத்தையும் கேக்கறாருண்ணா. குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாரு" என்று என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வாள். 'நீயும் இருக்கியே' என்பது போல என் மனைவி என்னைப் பார்த்து முறைப்பாள். நான் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

ஒன்பதாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டில் சாப்பிட்டோம். அவன் கை கழுவப் போன நேரத்தில் வாய் சும்மா இருக்காமல் அந்தப் பழைய கதையை எடுத்தேன். புருவம், தலையாட்டு, கடைசி வரி, பஸ், எல்லாம். நடித்தும் காட்டினேன். என் மனைவி புரை ஏறச் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கடைசி வரி மட்டும்தானா?" என்று கேட்டாள்.

"சின்ன வயசுலடி" என்றேன். அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிடாமலே எழுந்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் கடைக்கு வந்தாள். கண் அளக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி மாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்து அட்டையை எடுத்தேன்.

"மார்ல ஒரு கட்டிண்ணா. டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. அதேதான்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆபரேஷன்."

அட்டையைக் கீழே வைத்தேன். "மாப்பிள்ளை என்ன சொல்றான்?" என்றேன்.

"மூணு தடவ சொல்லிட்டேன்" என்றாள். முதல் தடவை, சாயங்காலம் அவன் டீ குடிக்கும்போது. கட்டி இருப்பது போலத் தெரிகிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதோடு குளியலறைக் குழாய் ஒழுகுவதையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் பிளம்பர் வந்தான். இரண்டாம் தடவை டெஸ்ட் முடிவைச் சொன்னாள், கடைசியில் கரண்டு பில் வந்திருப்பதைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு பில் எங்கே என்று தேடினான். மூன்றாம் தடவை முந்தின நாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், நாளைக்கே அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவேனா தெரியாது, துவைத்த சட்டை கொடியில் காய்கிறது. "நான் என்ன சொன்னேங்க?" என்றும் கேட்டிருக்கிறாள். "துவைச்ச சட்டை கொடியில காயுதுன்னு சொன்னே" என்று அவன் அச்சுப் பிசகாமல் சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஆத்திரம் அவள் மேலும் வந்தது. "ஏண்டி, இது என்ன பரீட்சையா? சட்டையப் புடிச்சு உலுக்கிக் கத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"கத்தினா அப்பாவே கேப்பாருண்ணா" என்றாள். "கத்தாம சொன்னா கேக்கறவர்னுதானே இவரக் கட்டி வச்சே?"

அவனிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பை கையோடு இருந்தது. நேராக என் வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு அவன் ஆபீசிலிருந்து போய், கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்து மடித்து வைத்திருக்கிறான். மறுநாள் காலையில்தான் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், உன் தங்கச்சி அங்க இருக்காளா? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டா."

நான் அப்போது ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சத்தியம் அந்த இடத்திலேயே பறந்துபோனது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நர்ஸ் வந்து அதட்டினாள். கடைசியில் ஒன்று கேட்டேன். "அவ சொல்லும்போது நீ எந்த ஸ்டாப்புலடா இருந்தே?"

"இருபத்தொண்ணு" என்றான்.

அவள் பிழைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்த வைத்தியத்தில் முடி கொட்டி, இளைத்து, என் வீட்டுப் பின் அறையில் படுத்திருந்தாள். தலையாட்டி தினமும் ஆபீஸ் விட்டதும் நேராக வந்துவிடுவான். முதல் வாரம் அவள் பார்க்கவே ஒத்துக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டுப் போவான். ஆள் பாதியாகிப் போனான். புகார் ஜன்னலில் யாரோ பேசும்போது அழுதுவிட்டானாம், உள் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பாவமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் கோபமும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம் அவளே, "வரச் சொல்லு" என்றாள்.

அவன் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். நான் மருந்து எடுத்துக்கொண்டு போனவன் கதவோரம் நின்றேன். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்குத்தான் அவன் பேசினான். சின்ன வயசில் அவன் வீட்டில் நாள் முழுக்கச் சண்டை, காதைப் பொத்தினால் அடி விழும், அதனால்தான் கேட்கிற மாதிரி இருக்கப் பழகினான் என்றான். எனக்கே அது புது விஷயம். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன், முயற்சி செய்தாலும் இப்போது முதல் ஸ்டாப்பே ஞாபகம் வருவதில்லை என்றான். மூக்கு ஒழுக அழுதான். அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரல் இறங்கிய இடங்களில் மெல்லத் தலையை ஆட்டினாள். ஒரே ஒரு ஆட்டு.

"நான் சொல்றதக் கேக்கறியாம்மா?" என்றான்.

"கேக்கறேங்க."

"என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்" என்றான், குழந்தை மாதிரி.

"இனிமே நீ சொல்ற ஒரு வார்த்தையக்கூட விட மாட்டேன்னு சொன்னீங்க."

அவன் அழுதுகொண்டே கடைசியாகச் சொன்ன வரிதான், எழுத்துப் பிசகவில்லை. அவன் முகம் அப்படியே மலர்ந்து போனது. சரித்திர வாத்தியாரின் முகம் மலர்ந்ததே, அதே மலர்ச்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "மச்சான், கேட்டுட்டா" என்றான்.

பார்வையை அளந்து பிழைக்கிறவன் நான். அவள் பார்வை அவன் கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே, இரண்டு புருவத்துக்கும் நடுவில் நின்றிருந்தது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடித்துக் காட்டி.

அவனிடம் சொல்லியிருக்கலாம். "ஆமாண்டா, கேட்டுட்டா" என்று சொல்லிவிட்டு மருந்தை மேஜையில் வைத்தேன்.