தினைக் கஞ்சிக்கு உப்புப் பார்த்த பூனை

ஸெய்னுலாப்தீன் நானாவின் நோன்புக் கஞ்சி வாசத்துக்கு இரத்தோட்டை பஸ் ஒருமுறை ஹோல்ட் இல்லாத இடத்தில் நின்றது. டிரைவர் பிரேக்கைத் தொடவே இல்லை, பஸ் தானாகத்தான் நின்றது என்று கொண்டக்டர் சொன்னதாக நான் இதுவரை நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். கொண்டக்டரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. ஆகவே அது உண்மையாகவே இருந்துவருகிறது.

நானா வருஷத்தில் பதினொரு மாதம் மிளகுக்காரர். சின்னப் பட்டா லொறியில் தோட்டம் தோட்டமாகப் போய் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி வந்து காயப்போட்டு விற்பார். அவரோடு கைகுலுக்கினால் அன்றைக்கு முழுவதும் உங்கள் கை கறிக்குப் போடலாம் போல மணக்கும். நோன்பு மாதம் பிறந்ததும் லொறியை ஓரங்கட்டிவிட்டு, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பள்ளிவாசலின் பின்குசினிக்குள் நுழைந்து அகப்பையைத் தூக்கிவிடுவார். முப்பத்தொரு வருஷமாக அந்த அகப்பை அவர் கையில்தான். நூற்றைம்பது வீட்டுக்குக் கஞ்சி. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் வாளியும் கேத்தலும் தூக்குச்சட்டியுமாக வரிசை நிற்கும்.

இதில் ஒரு சங்கடம். காய்ச்சுகிறவரும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் குற்றமில்லை என்று மௌலவி சொன்னார். நானா ஒப்பவில்லை. "என் நாக்கை எனக்குத் தெரியும் மௌலவி. வச்சா அது துப்பாது" என்றார். சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அதுகள் எல்லாவற்றுக்கும் நல்லம் என்றன, உப்பே போடாத கஞ்சிக்கும் நல்லம் என்றன. அப்படித்தான் அந்த வேலை மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற, நோன்பில்லாத எனக்கு வந்தது.

தினமும் மூன்றரை மணிக்கு ஒரு மூங்கில் கொம்பின் நுனியில் தகரக் கோப்பை ஆடி ஆடி மதிலைத் தாண்டி வரும். நான் குடித்துப் பார்த்துவிட்டுக் கையை மதிலுக்கு மேலே தூக்குவேன். ஒரு விரல் என்றால் இன்னும் ஒரு பிடி உப்பு. இரண்டு விரல் என்றால் இரண்டு பிடி. விரித்த கை என்றால் சரி. மூடிய கை என்றால் கூடிப்போயிற்று, தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். மூடிய கையை இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் காட்டினேன், அதுவும் விளையாட்டுக்கு. நானா ஏழு தேங்காயைத் துருவி முடித்த பிறகுதான் அதைச் சொன்னேன்.

இந்த வருஷ நோன்பு தொடங்கிய வாரமே அகப்பைக்கு ஆபத்து வந்துவிட்டது. பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் ஸக்கரியா ஹாஜியார், புடவைக்கடை வைத்திருந்தவர், எழுபது வயது, அதிகம் சிரிக்காதவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரையும் உட்காரச் சொல்லி அறிவித்தார்: ஊரில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், பச்சரிசிக் கஞ்சி இனி ஆகாது, வேறு தானியத்தில் காய்ச்ச வேண்டும். கல்யாணச் சமையல் எடுக்கிற இத்ரூஸ் உடனே எழும்பி, தான் ஓட்ஸில் காய்ச்சித் தருவதாகச் சொன்னான். நானாவுக்கு ஒரே ஒரு தவணை கிடைத்தது. வருகிற திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா லீவு, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்குக் காய்ச்சிக் காட்டட்டும். ஹாஜியார் குடித்துப் பார்த்துச் சரி என்றால் அகப்பை நானாவிடம். இல்லையென்றால் இத்ரூஸிடம்.

அன்று பின்னேரமே நானாவின் தலை மதிலுக்கு மேலே முளைத்தது.

"டீச்சர், குரக்கன் மாவுல கஞ்சி காய்ச்சினா எப்படி?"

"காய்ச்சலாம் நானா. மிஞ்சினதை மதிலுக்குப் பூசலாம்."

"சாமை?"

"நல்லது. ஆனா நீங்க கல்லுப் பொறுக்கி முடிக்கப் பெருநாள் வந்துரும்."

"நம்ம லொறிப் பொடியன் அன்ஸாப் சீகிரியாவுல இருந்து ஒரு சாமான் கொண்டுவாரேன்னான். குளத்துல ஓலுப் பூ இருக்கே, அதுட விதை. அங்க உள்ள ஆக்கள் சோறு மாதிரி அவிச்சித் தின்றாங்களாம்."

"நானும் தின்னிருக்கேன். எங்க மாமா ஒருத்தர் ஒரு மாசம் விடாமத் தின்னார். பிறகு குளத்துல இறங்கினா மனுஷன் தாழவே மாட்டார். முங்கிக் குளிக்கிறதுன்னா ரெண்டு பேர் தோளைப் பிடிச்சு அமுக்கணும்."

நானா மெய்யாகவே யோசித்தார். பள்ளிவாசல்களில் தொழப்போகுமுன் கைகால் கழுவ ஒரு நீர்த்தொட்டி இருக்கும், ஹவுழ் என்பார்கள். "அப்ப வேணாம் டீச்சர். ஹவுழ்ல ஹாஜியார் மிதந்தா பாக்க நல்லாயிராது" என்றார். "மூங்கிலரிசி?"

"மூங்கில் பூக்க நாப்பது வருஷம்."

"திங்கக்கிழமைக்குள்ள பூக்காது" என்று அதையும் தள்ளினார். "தினை?"

இதற்கு மட்டும் நான் விளையாடவில்லை. தினை கஞ்சிக்கு வரும். லேசாக வறுத்து, இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஒரு பங்கை அரைத்துச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கமும் தினை ஒரு பக்கமுமாக நிற்கும் என்று சொன்னேன். நானா அடுத்த நாளே நாலந்தாவுக்கு லொறியை விட்டார். அங்கே ஒரு கடையில் தினை மூட்டையைக் காட்டியதும், அதைக் கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் மட்டுமே விற்றுப் பழகிய கடைக்காரர், எத்தனை பறவை வளர்க்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். "நூத்தம்பது வீட்டுப் பறவை. எல்லாம் வாளியோட வரும்" என்று நானாவும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு ஐந்து நாள் அவர் வீட்டில் பரீட்சை. ஆறாம் நாள் அவர் மனைவி மஸீஹா மதிலுக்கு வந்தாள்.

"விடிய ஸஹர் சாப்பாட்டுக்கும் தினை, அந்திக்கு நோன்பு திறக்கவும் தினை. இன்னும் ரெண்டு நாள் போனா நான் முட்டை போடுவேன் டீச்சர். நீங்கதானே சொல்லிக் கொடுத்தது, வந்து அடையில வைங்க."

இந்த இடத்தில் ஓர் இரகசியத்தைச் சொல்ல வேண்டும். ஹாஜியாருக்கும் சீனி, ஊரில் மற்ற எல்லாரையும் விடக் கூட. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, வெட்கப்பட வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவரே அவர்தான். ஆனால் அவருக்கு வெட்கம். மகன் வீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லாம் நோன்பு, அதுகளுக்கு முன்னால் எப்படி வாயை அசைப்பது? அதனால் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகை வாசிக்க என் வீட்டுக்கு வருவார். பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் குரக்கன் ரொட்டி மூன்று சாப்பிடுவார். இதை எழுதலாமா என்று கேட்டபோது, எழுதுங்கள், ஆனால் இரண்டு ரொட்டி என்று போடுங்கள் என்றார். மூன்றுதான்.

திங்கட்கிழமை வந்தது. நானா விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்ததிலிருந்தே குசினியில்தான். தினை வறுபட்ட வாசம், பிறகு உள்ளியும் வெந்தயமும், பிறகு றம்பை, பிறகு இறைச்சி. மதியத்துக்குள் என் வீட்டுச் சுவர்களே எச்சில் ஊறி நின்றன. ஹாஜியார் வழக்கம்போல வந்து ரொட்டி சாப்பிட்டார், ஆனால் திரும்பிப் போக முடியவில்லை. பிரதான வீதி முழுக்கத் தேர்க் கூட்டம். மாசி மகத் தேர்.

மூன்றேகால் மணிக்குத் தவில் சத்தம் ஒழுங்கைக்குள் வந்தபோதுதான் நானாவின் தலை மதிலுக்கு மேலே எழும்பியது.

"டீச்சர். இன்னக்கித் தேரா?"

"ஆமா நானா."

"அப்ப நீங்க?"

"தேர் இருப்புக்குத் திரும்பும் வரைக்கும் பச்சைத்தண்ணி இல்லை. நாளைக்கு விடியும் வரைக்கும் மச்சமாமிசமும் இல்லை."

போயாவைப் பார்த்து நாள் குறித்த நிர்வாகம் மாசி மகத்தைப் பார்க்கவில்லை. தேருக்கு ஒரு வாரமாக வீடு கழுவிக்கொண்டிருந்த நானும் அது அதே திங்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. முன்வீட்டு மெனிக்கே வெள்ளை உடுத்துச் சில் விரதம் எடுக்க விகாரைக்குப் போய்விட்டாள். பேக்கரிக்கார பெர்னாண்டோவுக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி தொடமாட்டார். அன்றைக்கு மாத்தளையில் இருந்த அத்தனை வாயும் ஏதோ ஒரு கடவுளுக்கு வாடகைக்குப் போயிருந்தது.

"மூணு பிடி போட்டேன் டீச்சர், அரிசிக்குப் போடுற கணக்கு. தினை அதை எங்க கொண்டுபோய் வச்சிச்சோ தெரியல. வீட்டுல நுள்ளிப் போட்டதை நூத்தம்பது வீட்டுக்கு எப்படிப் பெருக்குறது? இத்ரூஸ் ஓட்ஸ் பெட்டியோட முன்னுக்கு வந்து குந்திட்டான்."

அவர் கையில் உப்பு இருந்தது. விரல் இடுக்கால் கொட்டிக்கொண்டிருந்தது.

"கோப்பையை அனுப்புங்க" என்றேன்.

"யாருக்கு?"

"பூனைக்கு. என் பூனைக்கு மாசி மகமும் இல்லை, நோன்பும் இல்லை."

கோப்பை வந்தது. இறைச்சி விழுந்த கோப்பையைத் தேர் நாளில் வீட்டுக்குள் கொண்டுபோக ஏலாது. நான் வாசலில் நின்று பத்திரிகையைக் கூப்பிட்டேன். பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது.

"டீச்சர், நான் நீதிபதி" என்றார் ஹாஜியார். "நீதிபதி வழக்குல சாட்சி சொல்லலாமா?"

"சாட்சி சொல்ல வேணாம். முழுங்கினாப் போதும்."

அவரை வாழைப் புதருக்குப் பின்னால் குந்தவைத்து, மதிலிலிருந்து தெரியாதபடி என் கறுப்புக் குடையை விரித்துக் கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"என்ன?"

"ரெண்டு பிடி காணாது." நெற்றியைச் சுருக்கினார். "இன்னொரு கோப்பை குடிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம்."

நான் இரண்டு விரலைத் தூக்கினேன். நானாவின் கண் என் விரலில் இல்லை. காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த வாழை இலையில் இருந்தது.

"பூனை உப்புச் சொல்லுமா டீச்சர்?"

"வாலை ரெண்டு தரம் ஆட்டிச்சு நானா."

அவர் வாழையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு போய் இரண்டு பிடி போட்டார். இரண்டாவது கோப்பை வந்தது, வெறுமையாகத் திரும்பியது. நான் கையை விரித்துக் காட்டினேன்.

அன்று அந்தியில், தேர் இருப்புக்கு வந்து நானும் விரதத்தை முடித்த பிறகு, பின்வளவில் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தேன். பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரித்து வரிசையாக இருந்தார்கள். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர், அடுத்தது கஞ்சி. ஒருவரும் குடிக்கவில்லை. எல்லாரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். இத்ரூஸ் ஓட்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். நானா தூணில் சாய்ந்து அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேரீச்சம்பழம் கூட இன்னும் கையிலேயே இருந்தது.

ஹாஜியார் கோப்பையை எடுத்தார். நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தார்.

"உப்புச் சரியா இருக்கு" என்றார்.

கஞ்சியின் மேல் படர்ந்திருந்த ஆடை இன்னும் உடையவில்லை.

"ஹாஜியார், நீங்க இன்னும் வாயில வைக்கவே இல்லையே" என்றான் இத்ரூஸ்.

ஹாஜியார் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "வாசத்துலயே தெரியும் மகன். வயசு போனா உங்களுக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஆளாளுக்குக் குடித்தார்கள். கோப்பைகள் நீண்டன, இரண்டாம் தரமும் நீண்டன. இத்ரூஸ் நேர்மையான பையன். மூன்றாம் தரத்துக்கு நீட்டியபோது ஓட்ஸ் பெட்டியைப் பாயில் வைத்துவிட்டு வந்தான். அதன்மேல் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டார்கள்.

"அகப்பை இருக்கிற கையிலயே இருக்கட்டும்" என்று தீர்ப்பு வந்தது.

நானா ஹாஜியாரைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மதிலுக்கு மேலே தெரிந்த என் தலையைப் பார்த்தார். பிறகு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு போய் ஹாஜியாரின் கோப்பையை விளிம்பு வரைக்கும் நிரப்பினார்.

மறுநாள் மூன்றரைக்கு மூங்கில் கொம்பு தாழ்ந்து வளைந்துகொண்டு வந்தது. நுனியில் தகரக் கோப்பை, அதோடு கட்டி ஒரு தூக்குச்சட்டி. பின்னாலேயே நானாவின் தலை.

"கோப்பை உங்களுக்கு டீச்சர்."

"சட்டி?"

"பூனைக்கு." குரலைக் கொஞ்சம் தூக்கினார், என் வீட்டுக்குள் கேட்கிற அளவுக்கு. "வருத்தக்காரப் பூனைக்குச் சலுகை இருக்குன்னு சொல்லுங்க. பெரிய ஆக்களே சொல்லியிருக்காங்க. வாழைக்குப் பின்னால குந்த வேணாம், அங்க சுள்ளெறும்பு. கதிரையில இருந்து வடிவாக் குடிக்கட்டும். இனி எல்லா நாளும் அனுப்புவேன். நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு வந்தவர் இன்னும் போகவில்லை. ஜன்னலுக்குள் பத்திரிகை ஒருதரம் ஆடியது. பிறகு அதன் பின்னாலிருந்து, எழுபது வயதுக்குரிய மரியாதையோடு, ஒரு மியாவ் வந்தது.