தெளிவாக ஏற்றிய படங்கள்

அந்தத் தையல்காரி எதையும் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிற ஆள் அல்ல. துணி என்றால் கசக்கிப் பார்ப்பாள். நூல் என்றால் இழுத்துப் பார்ப்பாள். தம்பி போனில் கூப்பிட்டு, "அக்கா, பொண்ணு கல்யாணத்துல அவ சின்ன வயசு போட்டோவெல்லாம் திரையில காட்டப்போறோம். ஆல்பம் உன்கிட்டதானே இருக்கு? கையைக் கடிக்காத விலையில ஒரு ஸ்கேனர் வாங்கி ஏத்திக் குடுத்துடேன்" என்றதும், கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"இது வேகம்மா. வச்சா தானா உள்ள இழுத்துக்கும்" என்றான் ஒரு கடைக்காரன்.

"பழைய போட்டோ கிழியாதா?"

"பூ மாதிரி போகும்."

பையிலிருந்து வெளிறிப்போன படம் ஒன்றை எடுத்து, "இதை விட்டுக் காட்டுங்க" என்றாள். படம் நடுவில் மடங்கி வெளியே வந்தது.

"பூவை இப்படித்தான் கசக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பிரிண்டரோடு சேர்ந்ததும் வேண்டாம். மை காய்ந்தால் அதற்கு வேறு அழவேண்டும். கடைசியில், மூடியைத் தூக்கிக் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கிற ஸ்கேனரை வாங்கினாள். ஆமை வேகம்தான். ஆனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் முகம் உடையவில்லை.

தம்பி பெண்ணை வளர்த்தவள் அவள்தான். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போக, தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே தொட்டில் ஆடியது. வரன் வந்தபோதெல்லாம், "குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும்" என்று தள்ளிப்போட்டாள். தள்ளியது தள்ளியதுதான். பாதிப் படங்களில் குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. சாயங்காலங்களில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினாள்.

கல்யாண மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் குழந்தை சிரித்தது, தவழ்ந்தது, புத்தகப் பையோடு நின்றது. எல்லாவற்றிலும் தனியாக. ஒரு படத்தில் மட்டும் குழந்தையின் இடுப்பைச் சுற்றி ஒரு கை மிச்சமிருந்தது.

"அது யார் கை?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"புள்ளையப் பாத்துக்க ஆள் வச்சிருந்தாங்களாம்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரி உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தம்பியை ஓரமாக நிறுத்தினாள். "என்னை ஏண்டா வெட்டினீங்க?"

"வெட்டுறதாவது! எந்தப் படத்தைப் பாத்தாலும் நீதான் இருக்கே. அம்மா எங்கேன்னு சம்பந்தி வீட்டுல கேக்க மாட்டாங்களா? என் பொண்டாட்டிக்குச் சங்கடமா இருக்காதா?" என்றவன், சமாதானமாகவோ என்னவோ, "நீ அவ்வளவு தெளிவா ஏத்தியிருந்தே அக்கா. வெட்டினது தெரியவே இல்லை பாரு" என்றான்.

அதற்குள் யாரோ கூப்பிட, அவன் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போன் வந்தது. "மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்தையும் ஏத்தணுமாம். கொண்டு வரட்டுமா?"

"ஸ்கேனர் ஓடலை" என்றாள். தம்பியிடம் அவள் சொன்ன முதல் பொய்.

என்ன ஆச்சு என்றாவது கேட்பான் என்று காத்திருந்தாள்.

"பரவால்ல, வெளிய குடுத்துக்கறோம்" என்று வைத்துவிட்டான்.