பூந்தமல்லியில் அடிக்காத சுழற்காற்று

பூந்தமல்லி டீக்கடையில் குத்தம்பாக்கம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். சட்டைப்பையில் செல்போன் சங்கு போல அலறுகிறது: சுழற்காற்று எச்சரிக்கை! டீ மாஸ்டர் கூரைக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கிறார். காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

“இன்னா நைனா, ஒரு மேகம்கூட இல்ல, உன் போன் இன்னாத்துக்குக் கூவுது?”

“என் பொண்ணு அமெரிக்காவுல, ஓக்லஹோமாவுல இருக்கா. அவ ஊர் வானிலையத்தான் போன்ல வெச்சிருக்கேன்.”

“நம்ம ஊருக்கு மாத்திக்க வேண்டியதுதான?”

மாற்றலாம்தான். அந்த ஊர் மழையை நம்பி, முகப்பேரிலிருந்து இந்த வெயிலில் குடையோடு கிளம்பி வந்திருக்கும் அறிவாளி நான். ஆனால் இந்த வருடம் அங்கே சுழற்காற்று ஓயவே இல்லை. இப்போதும் அவள், கூரை பிய்ந்து விழுந்தாலும் அடிபடாமலிருக்க, தலைக்கு மேல் மெத்தையைப் பிடித்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பாள். மெத்தையின் மறுமுனையைப் பிடிக்க முடியாத அப்பன், போனையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பஸ் வருகிறது. அவள் தொட்டிக்குள் ஒளிந்திருப்பதை மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஏறாமல் நிற்கிறேன்.

“அடுத்த வண்டில போ நைனா. பாப்பா மொதல்ல வெளிய வரட்டும்” என்று மாஸ்டர் இன்னொரு டீ ஆற்றுகிறார்.

பாதி டீயில் மகளின் செய்தி வருகிறது: “தாண்டிப் போயிடுச்சுப்பா, நல்லா இருக்கேன். இன்னிக்கும் குடையத் தூக்கிட்டுக் கிளம்பாதீங்க. முகப்பேர்ல வெயில்தான்னு என் போன் காட்டுது.”